ஒரு காம்பரா, ஒரு போன், ஆறு பேர்: திரை நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினேழு வருடமாகப் படிப்பிக்கிறேன். பெற்றோர் கூட்டம் என்றால் முன்பெல்லாம் "பிள்ளை கணக்குல எப்படி சேர்?" என்றுதான் பேச்சு தொடங்கும். இப்போது கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகு இரண்டு பேர் மேசைப் பக்கம் வந்து, குரலைத் தணித்து, "சேர், இந்த போனை என்னா செய்யிறது?" என்கிறார்கள். பஸ்ஸிலும் கேட்கிறார்கள், கோயில் திருவிழாவிலும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் எழுதி வைத்துவிட்டேன். நான் வைத்தியன் இல்லை. கண், தூக்கம் பற்றிச் சொல்பவை ஆய்வுகளில் உள்ளவை. மற்றவை லயத்திலும் (காம்பரா எனப்படும் அறைகள் வரிசையாக உள்ள தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வகுப்பறையிலும் பார்த்தவை. திரை நேரம் என்று நான் சொல்வது போன், டெப், டிவி, கணினி எல்லாவற்றையும் சேர்த்து.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கவிடலாம்?

சின்னப் பிள்ளைகளுக்கு நேரான பதில் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 2 வயது ஆகும் வரை திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது.

பாடசாலை போகும் பிள்ளைக்கு அப்படி ஓர் எண்ணைக் கொடுக்கவில்லை. அதனால் கணக்கை மறுபக்கத்திலிருந்து போடச் சொல்கிறேன். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம். அதோடு தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும். சரி, நம்ம பக்கத்து ஆறாம் தரப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் 9½ மணி நேரம். பாடசாலையும் போய்வரும் நடையும் 8. டியூஷன், வீட்டுப்பாடம் 2. குளிப்பு, சாப்பாடு, பீலியில் தண்ணி பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது 2. விளையாட்டு 1. கூட்டினால் 22½. மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம், டிவியும் போனும் அதற்குள்தான்.

அந்தப் பிள்ளை 4 மணி நேரம் திரை பார்க்கிறது என்றால் மற்ற இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். அநேகமாகத் தூக்கத்தில் கை வைத்திருக்கும், இல்லாவிட்டால் விளையாட்டில். கீழே வரும் பதில்களில் பாதி இந்தத் தேடல்தான்.

போன் கொடுத்தால்தான் சாப்பிடுது. என்ன செய்வது?

மலையில் நின்று கொழுந்தெடுத்து, பிள்ளைக் காம்பராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஏற்றம் ஏறி வீட்டுக்கு வந்த அம்மாவிடம் "பொறுமையா கதை சொல்லி ஊட்டுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இருந்தாலும் அந்தக் காட்சியை ஒரு நாள் பக்கத்திலிருந்து பாருங்கள். குழந்தையின் கண் திரையில் குத்திட்டு நிற்கும். கரண்டி உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறக்கும். என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா இல்லையா, ஒன்றும் அதற்குத் தெரியாது. பசியும் நிறைவும் தெரியாமல் சாப்பிட்டுப் பழகும் பிள்ளை, போன் இல்லாத நாளில் சாப்பாட்டையே மறுக்கும்.

ஒரேயடியாக நிறுத்தினால் வீடு இரண்டு நாளைக்கு ரணகளமாகும். ஒரு வேளையை மட்டும் எடுங்கள், எல்லோரும் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைப் பகல் சாப்பாடு என்று வைப்போம். அந்த வேளை போன் இல்லை, பெரியவர்களுக்கும் இல்லை. கையால் எடுத்துத் தின்னவிடுங்கள், பாதி கீழே கொட்டட்டும். குறைவாகச் சாப்பிட்டால் பயப்படாதீர்கள், அடுத்த வேளைக்குப் பசிக்கும். நிறை குறைகிறது என்று தோன்றினால் கிளினிக்கில் மருத்துவ மாதுவிடம் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

யூடியூப் பார்த்துப் பிள்ளை நிறையப் பேசக் கற்றுக்கொள்கிறது என்கிறார்களே?

சொற்களைக் கற்றுக்கொள்ளும். பேச்சு வேறு விஷயம். குழந்தை "ஊ" என்றால் அம்மா "என்னடா ராசா" என்கிறாள், அது மறுபடி "ஊ" என்கிறது. பேச்சு வளர்வது இந்தப் போக்குவரத்தில்தான். வீடியோ பதில் சொல்லாது. ஒரு வருடம் தரம் 1க்கு வந்த பையன் ஒருவன் காக்கையைப் பார்த்து "க்ரோ" என்றான். அவன் வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) தினமும் ரொட்டித் துண்டுக்கு வந்து நிற்கிற காக்கைதான். அதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆங்கிலம் தெரிகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம் வேறு.

இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளையை, "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று விட்டுவிடாமல், ஒரு தடவை கிளினிக்கில் காட்டுங்கள். திரை காரணமாக இருக்கலாம், காது கேட்பதில் குறை இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

அம்மா குவைத்தில். வீடியோ கோலும் இந்தக் கணக்கில் வருமா?

வராது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஓர் அம்மாயி என்னிடம் குற்றவாளி மாதிரி நின்று கேட்டார். சின்னக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட வீடியோ அழைப்புக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர் குழந்தையைப் பார்க்கிறார், பதில் சொல்கிறார், சிரிக்கிறார். கார்ட்டூன் அதைச் செய்யாது.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. குவைத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வீட்டுவேலை முடிந்து ஒன்பதரை மணிக்கு அம்மாவுக்குக் கை ஓயும்போது இங்கே நடுச்சாமம். பிள்ளை அதுவரை விழித்திருக்கும், இல்லை என்றால் எழுப்பி உட்கார வைப்பார்கள். காலையில் முதல் பாடத்திலேயே மேசையில் தலை சாயும். எந்தப் பிள்ளையின் அம்மா நேற்று அழைத்தார் என்று எனக்கு வகுப்பைப் பார்த்தாலே தெரியும்.

இரண்டு மூன்று வீடுகளில் செய்து பார்த்துச் சரிவந்த வழி ஒன்று உண்டு. கிழமை நாட்களில் அம்மா இரவில் குரல் பதிவு அனுப்பிவிடுவார். பிள்ளை காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அதைக் கேட்கும், பதில் பேசி அனுப்பும். முகம் பார்த்துப் பேசுவது லீவு நாளில். இங்கே பின்னேரம் 4 மணி என்றால் அங்கே பகல் ஒன்றரை. அந்த வீட்டுக்காரர் ஓய்வெடுக்கும் நேரம் அதுவானால் அம்மாவுக்கும் அரை மணி நேரம் கிடைக்கலாம்.

இன்னொன்று, போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள். அம்மாயி பிடிக்கிற பிடியில் அந்தப் பக்கம் தெரிவது தகரக் கூரையும் பாதி நெற்றியும்தான். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து வரையவோ வாசிக்கவோ விடுங்கள். "சாப்பிட்டியா, படிச்சியா, குழப்படி செய்யாத" என்ற மூன்று கேள்வியோடு முடிகிற கோல், அப்புறம் அரை மணி நேரம் கூடவே இருந்த மாதிரி ஆகிவிடும்.

போன் பார்த்தால் கண் கெட்டுவிடுமா?

இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது கண் எரிச்சல், காய்ச்சல் மாதிரி ஒரு கனம், தலைவலி. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் கண் இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதியாகக் குறையும், சிலருக்கு அதற்கும் கீழே போகும். ஈரம் காய்ந்து எரிகிறது. ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பார்ப்பது என்று ஒரு பழக்கம் சொல்வார்கள். நமக்கு இஸ்தோப்பில் நின்றால் எதிர் லயம், அதற்குப் பின்னால் மலை. இதற்காக யாரும் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

இரண்டாவதுதான் பாரதூரமானது: கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்குவது. எதையும் நெடுநேரம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு பங்கு. வெளி வெளிச்சம் கிடைக்காதது இன்னொரு பங்கு, அதைத்தான் நாம் கணக்கில் எடுப்பதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் ஒரு பரிசோதனை செய்து 2015இல் வெளியிட்டார்கள். பாதிப் பாடசாலைகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளைகளில் 30.4 வீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த பாடசாலைகளில் 39.5 வீதம். மருந்து இல்லை, கண்ணாடி இல்லை, வெறும் 40 நிமிட வெளிச்சம்.

"நம்ம பக்கம் வெயிலே இல்லையே சேர், பனியும் மழையும்தானே" என்று கேட்பார்கள். வானம் மூடிக்கிடக்கும் நாளிலும் வெளியே வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். ஒரு ஜன்னலும் ஒரு பல்பும் உள்ள காம்பராவுக்குள் சில நூறுகூடத் தேறாது. ஆகவே அட்டன் மழையில், தூறல் விட்ட ஒரு மணி நேரத்தில், சுவெட்டரைப் போட்டுப் பிள்ளையை வெளியே துரத்துங்கள். சேறு கழுவினால் போய்விடும்.

கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்ப்பது, கண்ணைச் சுருக்குவது, டிவிக்குக் கிட்டக் கிட்டப் போவது, இவை இருந்தால் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். கவனமில்லாத பிள்ளை என்று நானே இரண்டு வருடம் திட்டிய ஒருத்திக்கு, கண்ணாடி போட்ட பிறகுதான் நான் பலகையில் எழுதுவது தெரிந்தது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

வேண்டாம். டவுனில் ஒரு கடையில் "பவர் இல்லாட்டியும் இதைப் போடுங்க சேர்" என்று சொல்லி என் தலையில் ஒன்றைக் கட்டினார்கள். போட்டும் கண் எரிந்தது. கொக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023இல் சொன்னதும் அதுதான்: திரை பார்ப்பதால் வரும் கண் களைப்பை இந்தக் கண்ணாடி குறைப்பதாகத் தெரியவில்லை. அந்தக் காசுக்கு மழைக்கோட் வாங்கலாம்.

கழுத்து வலிக்கிறது. போனால்தானா?

தலையின் எடை 5 கிலோ அளவு. குனியக் குனிய கழுத்துக்கு அது கூடும். 60 பாகை குனிந்தால் 27 கிலோ அளவு பாரம் விழும் என்று 2014இல் ஒரு முதுகெலும்பு மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அது ஒரு மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பகல் முழுக்கக் கூடைக் கயிற்றைத் தலையில் தாங்கிய கழுத்து, இரவிலும் குனிந்தே கிடந்தால் வலிக்கத்தான் செய்யும். போனைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். கை வலித்தால் அன்றைக்குப் பார்த்தது போதும் என்று அர்த்தம்.

இரவில் படுக்கையில் பார்த்தால் தூக்கம் ஏன் வருவதில்லை?

வெளிச்சம் ஒரு காரணம். இருட்டினதும் உடம்பில் சுரக்க வேண்டிய மெலடோனின் என்ற தூக்க ஹோர்மோன் திரை வெளிச்சத்தால் தள்ளிப்போகிறது. 2015இல் வெளிவந்த ஒரு ஆய்வில் சிலரை ஒளிவிடும் டெப்பிலும் அச்சுப் புத்தகத்திலும் மாறி மாறி வாசிக்க வைத்தார்கள். டெப்பில் வாசித்த இரவுகளில் தூங்கப் பத்து நிமிடம் அளவு கூடுதலாக எடுத்தது. பத்து நிமிடம்தான். நம் பிள்ளைகள் இழப்பது பத்து நிமிடம் இல்லையே, இரண்டு மணி நேரம். அதற்கு வெளிச்சத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொரு காரணம், முடிவே இல்லாதது. புத்தகத்தில் அத்தியாயம் முடியும், நாடகம் எட்டரைக்கு முடியும். போனில் விரலை இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. அப்படி முடிவில்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் உருவாக்கியவர் எசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர். பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார்.

மூன்றாவது காரணம் நம் நாட்டுக்கு உரியது, இதை யாரும் எழுதுவதில்லை. டேட்டா பெக்கேஜ்கள் சிலவற்றில் பாதிக்கு மேல் "நைட் டேட்டா" என்று வரும். நடுச்சாமத்துக்குப் பிறகுதான் அதைப் பயன்படுத்த முடியும். பகல் டேட்டா இரண்டு நாளில் தீர்ந்துவிடும், இரவு டேட்டா மிஞ்சிக்கிடக்கும். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க யாருக்கு மனம் வரும்? ஓஎல் எடுக்கும் பையன் அலாரம் வைத்து 12 மணிக்கு எழும்புகிறான், பாடம் டவுன்லோட் பண்ண என்று. பாடம் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும், அவன் மூன்று மணி வரை போனோடு இருப்பான். ரீலோட் போடும்போது மொத்த ஜிபியைப் பார்க்காமல் பகலுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பகல் டேட்டா மட்டும் உள்ள சின்ன பெக்கேஜ், வீட்டுக்கு லாபம்.

பிள்ளைகளைச் சொல்கிறீர்கள். எங்களுக்கே ராத்திரி போனை வைக்க முடியவில்லையே?

காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைத்து, பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) போய், மலைக்குப் போய், வந்து சமைத்து, எல்லோரையும் தூங்கப் போட்ட பிறகு ஒன்பதரைக்கு மேல் கிடைப்பதுதான் ஒரு பெண்ணுக்குச் சொந்தமான நேரம். அந்த நேரத்தில் அவர் டிக்டொக் பார்ப்பதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது அந்த நாளில் அவருக்காக அவர் செய்துகொண்ட ஒரே காரியமாக இருக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வைத்த பிறகு உடம்பு லேசாக இருக்கிறதா, இல்லை இன்னும் கனக்கிறதா? பழைய பாட்டு இரண்டு கேட்டுவிட்டுப் படுத்தால் ஒரு மாதிரி இருக்கும். ஊராரின் புது வீட்டையும் நகையையும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் படுத்தால் வேறு மாதிரி இருக்கும். நேரம் ஒன்றுதான்.

டிவி பரவாயில்லைதானே?

பிள்ளை டிவிக்கு முன்னால் தூங்கிப்போனால் நாம் அணைத்துவிடுவோம், நாலு பேர் சேர்ந்து பார்ப்பதால் பேச்சும் இருக்கும். போனைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஒரே காம்பராவில் டிவி ஓடும்போது மூலையில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அது ஓடுகிறது.

படிப்புக்குத்தான் போன் வாங்கினோம். இப்போது அதையே தப்பு என்கிறீர்களே?

இந்தக் கேள்வி வந்தால் நான் கொஞ்சம் தலை குனிவேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. போன் இல்லாத வீட்டில் போன் வாங்க வைத்தது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். கடன்பட்டு வாங்கினார்கள், தோட்டை அடகு வைத்து வாங்கினார்கள். பதுளைப் பக்கம் சிக்னலுக்காகப் பிள்ளைகள் காட்டு வழியே மலை ஏறியும் மரத்தில் ஏறியும் பாடம் படித்தது 2021இல் உலகச் செய்தியானது. இங்கேயும் தேயிலை மலை உச்சியில் ஒரு கல்லைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். "சூம் கல்லு" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. பாடசாலை திறந்தது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகும் நான் ஒரு பழக்கத்தை விடவில்லை. வீட்டுப்பாடத்தை இரவு எட்டரைக்கு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன், எனக்கு அதுதான் வசதி. ஒரு நாள் ஓர் அப்பா வந்தார். கோபமாகப் பேசவில்லை. "சேர், போன் எங்கிட்டதான் இருக்கு. நான் வேலை முடிஞ்சு வர ஒன்பது ஆகுது. மூணு புள்ளைங்களும் அதுவரைக்கும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்குதுங்க. என்னையில்ல சேர், போனை." அவர் வந்ததும் மூத்தவள் பார்த்து எழுத வேண்டும், அடுத்தவன், அதற்கடுத்தவன். கடைசிப் பிள்ளையின் முறை வரும்போது மணி பத்தரை. எழுதி முடித்த கையோடு "ஒரே ஒரு கார்ட்டூன்" தொடங்கும்.

மறுநாளிலிருந்து வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். குழுவில் பின்னேரம் 5 மணிக்குப் பிறகு நான் எதுவும் போடுவதில்லை. உங்கள் பிள்ளையின் ஆசிரியர் இரவில் அனுப்புகிறவர் என்றால் போய்க் கேளுங்கள். பலருக்கு அது உறைத்திருக்காது, எனக்கும் உறைக்கவில்லையே.

கேமுக்கு அடிமையாகிவிட்டான். வைத்தியரிடம் காட்ட வேண்டுமா?

அடிமை என்ற சொல்லை நாம் சீக்கிரம் எடுத்துவிடுகிறோம். விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டில் உண்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதலாவதாகிவிடுவது, படிப்பு, வேலை, உறவு கெட்டும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடம் அளவு நீடித்திருக்க வேண்டும். லீவில் நாள் முழுக்க விளையாடிவிட்டுப் பாடசாலை தொடங்கியதும் பந்தடிக்கப் போகிறவன் இதில் அடங்க மாட்டான்.

பாடசாலைக்கு வராமல் விடுவது, வீட்டில் காசு காணாமல் போவது, போனை எடுத்தால் கைநீட்டுவது வரை போனால் தாமதிக்காதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆதார வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவைக் கேளுங்கள்.

பிள்ளை தனியாகவே இருக்கிறாள், சிரிப்பில்லை. போன்தான் காரணமா?

இருக்கலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். லட்சக்கணக்கான இளையோரின் தரவுகளை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 வீதம்தான் திரைப் பயன்பாட்டோடு ஒட்டிப்போனது. மணி நேரத்தைக் குறைத்தால் சிரிப்புத் தானாக வந்துவிடும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. அந்த மணி நேரத்துக்குள் அவளுக்கு என்ன நடக்கிறது என்பதே கேள்வி. யாராவது படத்தை வைத்து மிரட்டுகிறார்களா? வகுப்புக் குழுவில் லயத்துப் பிள்ளை என்று கேலி செய்கிறார்களா? இல்லை, போனுக்கே சம்பந்தமில்லாமல் வீட்டில் ஏதாவதா?

மிரட்டல் என்று தெரிந்தால் முதலில் அவளைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்ல மாட்டாள். மெசேஜை அழிக்க வேண்டாம், ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள், காசு கொடுக்காதீர்கள். 1929 சிறுவர் உதவி இலக்கம், அழைப்பு இலவசம்.

பிடுங்கி வைத்துவிட்டால் என்ன? பாஸ்வேர்ட் போட்டால்?

பாஸ்வேர்ட் மூன்று நாள் தாங்கும். நாலாவது நாள் உங்கள் விரல் போகும் வழியைப் பிள்ளை பார்த்து வைத்திருக்கும்.

எங்கள் பக்கத்து வீடு ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். கிழிந்த பாடசாலைச் சட்டையின் பொக்கெட்டை வெட்டியெடுத்து, பை மாதிரி தைத்து, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தார்கள். இரவு எட்டரைக்கு விளக்கை அமர்த்தும்போது போனும் அந்தப் பொக்கெட்டுக்குள் போகும். அப்பாவின் போனும் போகும் என்பதுதான் அதில் விஷயம். முதல் கிழமை அவர்தான் அதிகம் கஷ்டப்பட்டாராம். இரண்டு தடவை "மணி பாக்குறேன்" என்று எடுத்திருக்கிறார். அந்த வீட்டுச் சின்ன மகள் மறுநாள் சுவர்க் கடிகாரத்துக்கு பெட்டரி வாங்கச் சொல்லி அடம்பிடித்தாள். வாங்கினார்கள்.

அதோடு யூடியூப்பில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள். போன் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கும், எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது என்று காட்டும். என்னுடையதைத் திறந்து பார்த்தேன். ஒரு நாளுக்கு மூன்றே முக்கால் மணி நேரம். அதில் பாடசாலை வேலை என்று சொல்லக்கூடியது நாற்பது நிமிடம்.

போன் இல்லாவிட்டால் பிள்ளை என்னதான் செய்யும்? போரடிக்குது என்கிறதே?

அடிக்கட்டும். 2022இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது ஞாபகம் இருக்கும். அந்தக் கஷ்டத்தை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் சார்ஜ் தீர்ந்த அந்த இரவுகளில் லயத்து இஸ்தோப்புகளில் ஆட்கள் இருந்தார்கள். தாத்தாமார் பழைய துரைமார் கதைகளை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் குப்பிலாம்பு வெளிச்சத்தில் சுவரில் மான், முயல், நாய் காட்டினார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சலிப்புத் தட்டின பிள்ளை அரை மணி நேரத்தில் எதையாவது கண்டுபிடித்துவிடும். அந்த அரை மணி நேர முணுமுணுப்பைத் தாங்குவதுதான் நம் வேலை.

இரவில் போனை அணைத்தே வைத்துவிடலாமா?

மற்ற ஊர்க்காரர்களுக்கு இதற்கு "ஆம்" என்று சொல்லலாம். மலையில் இருப்பவர்களுக்கு அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் மூடுண்டதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அது உங்கள் லயத்துக்கு வந்துசேர்வது பெரும்பாலும் யாராவது ஒருவரின் போன் வழியாகத்தான்.

ஆகவே அடைமழைக் காலத்தில் வீட்டுக்கு ஒரு போன், முழுச் சார்ஜோடு, இயக்கத்திலேயே இருக்கட்டும். டேட்டாவை அணைத்துவிடுங்கள், அழைப்பு வந்தால் போதும். மற்ற மெசேஜ் சத்தங்களை நிறுத்தி ரிங்கை மட்டும் கூட்டி வையுங்கள். பக்கத்து லயத்தில் யார் யாரை எழுப்புவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, மரமோ தூணோ சாய்வது, ஊற்று நீர் திடீரென்று கலங்குவது, இவற்றைப் பார்த்தால் போனுக்காகக் காத்திருக்காமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைப் போனில் பதிந்தால் மட்டும் போதாது, கதவுக்குப் பின்னால் சோக்கட்டியால் எழுதியும் வையுங்கள்.